கூப்பிட ஆளில்லாத பேர்

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மறுபடி போன் செய்தால் நான் கத்துவேன், நீ என்னைவிட அதிகமாகக் கத்துவாய். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்தியவளுக்குக் குறுக்கே பேசுகிற பிள்ளைகளைக் கண்டால் எப்போதுமே ஆகாது. இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற நிவேதாவுக்கும் காட்டு. கல்யாணமாகி அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பேர் தேடப்போகிற உன் சிநேகிதர்களுக்கும் காட்டு. ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை.

நீ சொன்னது இதுதான். ஏகாம்பரம் என்கிற பேரை ஆதவ் என்று மாற்றுவதற்கு கெஜட்டுக்குக் கொடுக்கப்போகிறாய். கல்யாணப் பத்திரிகையிலும் ஆதவ் என்றே போடவேண்டும். "அப்பாவாண்ட நீயே சொல்லிடும்மா" என்று அந்த வேலையை மட்டும் எனக்கு விட்டாய். ரொம்ப சந்தோஷம். சொன்னேன். அன்றிலிருந்து வீடு எப்படி இருக்கிறது என்பதைக் கேள். அப்பா விடிந்ததும் தறிக்குழியில் இறங்குகிறார். அவர் அடிக்கிற அடி தெருமுனை வரைக்கும் கேட்கிறது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எடுத்தால் விட்டுவிடுகிறார். உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. முதல் நாள் மட்டும் ஒருமுறை வாய் திறந்தார். "மொதப் பத்திரிகைய பெரிய கோயில் சாமி சன்னிதில வெக்கணும். அவரு பேர வாணாம்னு தூக்கிப் போட்டுட்டு, அந்தப் பத்திரிகைய அவரு காலாண்டயே கொண்டுபோய் வெக்கறதா? எனக்கு அந்தத் தைரியம் இல்ல. மண்டபத்துக்கு நான் வர்ல. நீயே போய் நின்னு நடத்திக்கினு வா." அவ்வளவுதான். பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். திங்கட்கிழமைக்குள் பேரை உறுதியாகச் சொல்லாவிட்டால் வேறு கல்யாணத்து வேலையை மெஷினில் ஏற்றிவிடுவாராம்.

கெஜட்டும் பத்திரிகையும் எனக்குப் பெரிய விஷயமில்லை. கடைசியாக நீ கேட்டாயே, அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "பேரு வெச்சீங்க, சரி. யாராவது ஒருத்தர் அதச் சொல்லிக் கூப்ட்டீங்களா? நீ ஒரு தபாவது கூப்ட்டிருக்கியாம்மா? உன் வாய்லயே வராத பேர நான் எதுக்குச் சுமந்துக்கினு திரியணும்?" நியாயமான கேள்விதான். கோபமாகக் கேட்டதால் நியாயம் இல்லாமல் போய்விடாது. ஆனால் பாதி தெரிந்துகொண்டு கேட்டாய். மீதியை நான் சொல்கிறேன்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் நிவேதாவுக்காகச் சொல்கிறேன். பெரிய கோயிலில் சன்னிதிக்குப் பின்னால் இருக்கிற மாமரத்தடியில் அம்மன் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜை செய்தாள். வெள்ளம் வந்தபோது அதைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினாள். அந்த ஒற்றை மாமரத்தடியில் இருக்கிறவர் ஏகாம்பரர். ஆம்ரம் என்றால் மாமரமாம், குருக்கள் சொல்லும் பொருள் இது. உன் தாத்தா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "அம்பரம்னா துணி. நெசவு பண்றவனுக்குத்தான் அந்தப் பேரு" என்று குருக்களிடமே வாதாடுவார். தாத்தாவுக்கு முன்னால் அவருடைய அம்மாவுக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. அந்த மரத்தைச் சுற்றிவந்து வேண்டிக்கொண்டு பிறந்தவர் இவர். வேறு பேர் வைக்கவே இடமில்லை. அந்தக் காலத்தில் நம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு ஒரு ஏகாம்பரம் இருந்தார் என்று சொன்னால் கொஞ்சம்தான் கூட. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல ஆளுக்கொரு ஒட்டு வேண்டியிருந்தது. சோடாக் கடை வைத்திருந்தவர் சோடா ஏகாம்பரம். ஜரிகை வாங்கி விற்றவர் ஜரிகை ஏகாம்பரம். எதற்கெடுத்தாலும் வழக்குப் போட்டவர் கோர்ட்டு ஏகாம்பரம். உன் தாத்தா வெறும் ஏகாம்பரம். ஒட்டு இல்லாததில் அவருக்கு ஒரு கர்வம்.

நீ பிறந்தபோது தாத்தா திடமாக இருந்தார். தலைச்சன் பேரனுக்குத் தாத்தா பேர் என்பதை நம் வீட்டில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. காலையில் விடிவதுபோல அது நடந்துவிடும். பேர் வைக்கிற புண்ணியாதானத்தன்று உன் காதில் மூன்று முறை அந்தப் பேரைச் சொன்னார்கள். சொன்னவர் தாத்தாவேதான். மற்றவர்கள் யாரும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாமியார் புருஷன் பேரைச் சொல்லமாட்டார். நான் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. அப்பா தன்னைப் பெற்றவர் பேரை அடா புடா என்று எப்படிக் கூப்பிடுவார்? ஊரைக் கூட்டிச் சோறு போட்டு உனக்கு ஒரு பேர் வைத்தோம். கூப்பிட வீட்டில் ஆளில்லை. அப்பா உன்னை நைனா என்று கூப்பிட்டார், பெற்ற தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அது செல்லப்பேர் இல்லை. எங்களுக்கு வேறு வழி இல்லாமல் வந்த பேர்.

படித்தவள், டீச்சர் வேலை பார்க்கிறவள், இதையெல்லாம் ஏன் தூக்கிச் சுமந்தாய் என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதலாம், வாயால் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட சலுகை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் எழுதிக் காட்டுவேன். ஆனால் இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லாமல் நாலு தெரு தாண்டமுடியுமா? ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது, "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டால், "பெரிய கோபுரத்தாண்ட நிறுத்துப்பா" என்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு ஏகாம்பரம் இருந்தான். வருகை எடுக்கும்போது அவன் இடம் வந்தால் "அடுத்தது" என்பேன், அவன் "உள்ளேன் டீச்சர்" என்பான். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "டீச்சருக்கு அந்தப் பேர சொன்னா வாயில முள்ளு குத்துமாம்" என்று ஒரு பெண் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் முழுக்கக் காமாட்சியும் வரதனும் ஏகாம்பரமும்தான். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, நான் ரிடையர் ஆகிறபோது ஒன்றுகூட இல்லை. ரித்விக், தர்ஷித், யஷ்வந்த். நட்சத்திரத்துக்கு எழுத்து பார்த்து, எண் கூட்டிப் பார்த்து, போனில் தேடி வைத்த பேர்கள். கடைசி வருஷம் என் வகுப்பில் மூன்று ஆதவ் இருந்தார்கள் என்பதையும் உன் தகவலுக்குச் சொல்லிவைக்கிறேன். ஆதவ் என்று கூப்பிட்டால் மூன்றும் எழுந்து நிற்கும். ஒட்டு வைத்துத்தான் கூப்பிட்டேன். தப்பித்துப் போகிற இடமும் கூட்டமாகத்தான் இருக்கிறது நைனா.

சரி, தேர் அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். அதையும் போனில் இழுத்தாய். பங்குனித் திருவிழா, உனக்கு நாலு வயசு. ராஜ வீதியில் கூட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், நான் மோர் வாங்கக் குனிந்து நிமிர்ந்தபோது இல்லை. மைக் வைத்திருந்த பந்தலுக்கு ஓடினேன். அங்கே இருந்த பையன், "கொயந்த பேரு இன்னாம்மா?" என்று கேட்டான். வாய் திறந்தேன். வரவில்லை. சாமி பேர் என்றேன். "எந்த சாமிம்மா? இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு சாமி இருக்குது. சீக்கிரம் சொல்லும்மா" என்றான். எழுதிக் காட்டலாம் என்றால் பேனா இல்லை. தேரில் வருகிறாரே அவர் பேர் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒருத்தி ஊர் நடுவில் நின்று விடுகதை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எழுதும்போதுகூட அவளை இழுத்து இரண்டு அறை விடலாம் போல இருக்கிறது.

அவன் மைக்கில் சொன்னான். "ஏகாம்பரம், ஏகாம்பரம், எங்கிருந்தாலும் பந்தலாண்ட வரவும்." வந்தார்கள். சோடா ஏகாம்பரம் வந்தார், "என்னையாம்மா கூப்ட்டீங்கோ?" என்று. கூரத்திலிருந்து தேர் பார்க்க வந்த ஒரு கிழவர் வந்தார். வேறு யாரோ ஒரு ஏகாம்பரம் பெண்டாட்டியோடு வந்தார். நீ மட்டும் வரவில்லை. அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், அண்ணாந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். உன் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. அதில் உன் பேர் திரும்பத் திரும்ப வருகிறது. நீ திரும்பவில்லை. வடம் இழுபட்டு விறைக்கிறது. நான் நைனா நைனா என்று கத்துகிறேன், மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. சக்கரம் அசைந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் உன் சட்டையைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார். அவருக்கு உன் பேர் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. மைக்கில் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டேன். "தாத்தாவ கூப்டறாங்கன்னு நெனச்சேன்" என்றாய். உன்னை அடித்தேன். பேர் சொல்லிக் கூப்பிடாதவள், பேர் சொன்னால் திரும்பவில்லை என்று அடித்தேன்.

அதற்குப் பிறகாவது மாறினேனா என்றால் இல்லை. அந்த வீட்டில் உன்னை அந்தப் பேரால் கூப்பிட்டது தாத்தா ஒருவர்தான். அதில் அவருக்கு அப்படி ஒரு குஷி. "டேய் ஏகாம்பரம், ஏகாம்பரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்தாடா" என்பார், தானே சிரித்துக்கொள்வார். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர் போய்விட்டார். இனிமேல் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. மாமியாரைக் கேட்டேன். போனவர் பேரைச் சொல்வது இன்னும் பாவம் என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஒரு பழக்கத்தை விடுவதற்கு யாரோடாவது சண்டை போடவேண்டும், நான் அந்தச் சண்டையைத் தள்ளிப்போட்டேன். மாமியாரும் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. யாரும் தடுக்காதபோதும் தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது நிவேதா செய்த வேலை என்று நினைத்து நான் அவளுக்குப் போன் செய்தேன். பழைய பேர் என்று அவள் வீட்டில் முகம் சுளித்திருப்பார்கள், இவனும் அதற்குத் தக்கபடி ஆடிவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பேசினேன். கொஞ்சம் உரக்கவே பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் கேக்கல அத்த. எனக்கு அந்தப் பேரு புடிச்சிருக்குது. நான் ஏகாம்பரம்னுதான் கூப்புடறேன். ஆனா கூப்ட்டா அவரு உடனே திரும்ப மாட்டாரு அத்த. ரெண்டு தபா, மூணு தபா கூப்புடணும். வேற யாரையோ கூப்புடறாங்கன்ற மாரி நிப்பாரு. அப்புறம்தான், ஓ, நானான்னு திரும்புவாரு." கல்யாணம் ஆகப்போகிறவள் மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதே எனக்குப் புதிது. இவ்வளவு வயசாகியும் நீ அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறாய் என்று நினைத்தபோது அதைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அத்த" என்றாள். நல்ல பெண். அவளிடம் கத்தாதே.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் பேசினேன். பிரஸ்காரர் மறுபடியும் போன் பண்ணியிருந்தார். நான் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. "இன்னா சொல்லட்டும்?" என்றேன். "எங்கப்பா பேரு. அத அவன் வாணாம்ன்றான். எங்கப்பாவயே வாணாம்ன்றான். அந்தப் பேரு இல்லன்னா அவன் எனக்கு யாரு?" என்றார். அது வரைக்கும் நான் சமாதானம் பேசத்தான் போயிருந்தேன். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. "ஏகாம்பரம் உங்கப்பாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. இவன் நம்ப புள்ள. அவருக்குக் குடுத்த பேர அவரு செத்தப்புறமும் அவருக்கே வெச்சிக்கினு இருந்தோம். இவனுக்கு நம்ப எங்க குடுத்தோம்?" என்று கேட்டுவிட்டேன்.

தறி நின்றது. குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா அவர் கையிலேயே இருந்தது. "இன்னா சொன்ன?" என்றார். "மாமனார் பேர சொன்னேன். வாய் ஒண்ணும் வெந்து போகல" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். அடிக்க வருவாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் என்றைக்கும் என்னை அடித்ததில்லை, இருந்தாலும் அப்படி ஒரு பார்வை. எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். ரசம் கேட்டார். ரசம் ஊற்றினேன். பாதி சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா போனப்புறம் இந்த வூட்ல அந்தப் பேரு இன்னிக்குத்தான் கேக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அவன அப்டி கூப்ட்டதே இல்ல, இல்ல?" என்றார். கேள்வி மாதிரிதான் கேட்டார். இல்லை என்று நான் தலையாட்டினேன். மண்டபத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அப்பா வருவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பத்திரிகையில் ஆதவ் என்று வந்தால் அவர் மனசு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாது. நான் வருவேன். எந்தப் பேர் போட்டாலும் முன்வரிசையில் என் புதுப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பேன். அதைப் பற்றி நீ கவலைப்படவேண்டாம். பேர் மாற்றுவதால் நீ என் பிள்ளை இல்லாமல் போய்விடமாட்டாய், தாத்தாவும் இன்னொரு முறை சாகப்போவதில்லை. நாளைக்கு உனக்கு ஒன்று பிறந்தால், தாத்தா பேரோ தெரு பேரோ, பழசோ புதுசோ, எதையாவது வை. ஆனால் வைப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் அந்தப் பேரை ஒருமுறை உரக்கக் கத்திப் பார்க்கச் சொல். ஒருவருக்கு வாய் அடைத்தாலும் அந்தப் பேர் வேண்டாம். பேருக்குப் பொருள் என்ன, நட்சத்திரம் என்ன என்பதெல்லாம் அப்புறம். தேர்க் கூட்டத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரஸ்காரரைத் திங்கட்கிழமை மதியம் வரைக்கும் நிறுத்திவைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. முடிவை மாற்றிக்கொள்ள வரச்சொல்லவில்லை. இரண்டு நாளாக, அப்பா இல்லாத நேரத்தில், சமையலறையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். கோபத்தில் மாமனார் பேராக வந்துவிட்டது, உன் பேராகச் சொல்லப்போனால் முதலில் தொண்டையிலேயே நின்றது. நேற்று மெதுவாக வந்தது. இன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக்காரி, "யாரு வந்துக்கிறாங்க அக்கா?" என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. யாரும் வரவில்லை, இனிமேல்தான் வரணும் என்றேன். நீ வாசலில் வந்து நிற்கும்போது கூப்பிடுகிறேன். ஒரு முறை கேட்டுவிட்டு, அப்புறமும் ஆதவ்தான் வேண்டும் என்று சொன்னால், நானே உன்னோடு பிரஸ்ஸுக்கு வந்து அந்தப் பேரைப் போடச் சொல்கிறேன். அதையும் நான் உரக்கத்தான் சொல்வேன்.

இந்தக் கடிதத்தில் உன் பேரை எத்தனையோ இடத்தில் எழுதிவிட்டேன். எழுதுவது கணக்கில் சேராது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ வந்து காதால் கேட்கவேண்டும்.

அம்மா